அடுப்பில் காய்ச்சிய எஞ்சின் எண்ணெய்

கம்பம் பள்ளத்தாக்கில் எல்லாக் கிணற்றுக்கும் மின்சாரம் வந்து சேராத காலத்தில் தோட்டத்துக்குத் தண்ணீர் இறைத்துக் கொடுத்தது ஆயில் எஞ்சின். ராயப்பன்பட்டி போன்ற மலையடிவார ஊர்களில் மார்கழி விடியலில் அதைக் கிளப்புவது சாதாரண வேலையல்ல. ராத்திரி முழுக்க மேகமலைக் குளிரில் கிடந்த இரும்பு, ஹேண்டிலைப் போட்டுச் சுற்றினால் ஆளையே திருப்பித் தள்ளும். உள்ளே எண்ணெய் தடித்துப்போய்த் தண்டைப் பிடித்துக்கொண்டிருக்கும். இரண்டு பேர் மாற்றி மாற்றிச் சுற்றி, ஒருவழியாகப் புகை கக்கி அது ஓடத் தொடங்குவதற்குள் வேர்த்துவிடும். இத்தனைக்கும் பள்ளத்தாக்கின் குளிர் பெரிய குளிரே இல்லை.

இதே தொல்லை பூஜ்யத்துக்குக் கீழே 30 டிகிரியில், உறைந்த ஏரியின் மேல் நிற்கும் சிறு விமானத்துக்கு வந்தால்? எஞ்சின் கிளம்பாவிட்டால் நடந்து வீடு திரும்ப முடியாத இடத்தில் வந்தால்? சிறு விமானங்களின் வரலாற்றில் இந்தக் கேள்விக்கு ஏறக்குறைய நூறு ஆண்டுகளாக விடை தேடியிருக்கிறார்கள். அந்த விடைகளில் அடுப்பு உண்டு, வாளி உண்டு, பெட்ரோல் உண்டு. விளக்கெண்ணெயும் உண்டு.

விளக்கெண்ணெயிலிருந்தே தொடங்கலாம். மாட்டு வண்டியின் அச்சுக்கு வைக்கோல் கரியை விளக்கெண்ணெயில் குழைத்துப் பூசிய வண்டி மையை அறிந்தவர்களுக்கு, முதல் உலகப்போரின் சண்டை விமானங்கள் பலவும் அதே எண்ணெயில்தான் ஓடின என்பது வியப்பாக இருக்கலாம். 1909 வாக்கில் பிரான்சின் செகன் சகோதரர்கள் விற்பனைக்குக் கொண்டுவந்த நோம் எஞ்சினில் தண்டு அசையாமல் நிற்கும், சிலிண்டர்கள் எல்லாம் காற்றாடியோடு சேர்ந்து சுழலும். இந்த ரோட்டரி எஞ்சினுக்குள் பெட்ரோலும் எண்ணெயும் ஒரே அறையில் புழங்கியதால் பெட்ரோலில் கரையாத எண்ணெய் தேவைப்பட்டது. ஆமணக்கு எண்ணெய் கரையவில்லை. சூட்டிலும் வழவழப்பை விடவில்லை. பிரிட்டனில் வேக்ஃபீல்டு நிறுவனம் தன் புதிய எண்ணெய்க்குக் காஸ்ட்ரால் என்று பெயர் வைத்ததும் 1909இல்தான். அந்தப் பெயருக்குள் இருப்பது ஆமணக்கின் ஆங்கிலப் பெயர்.

ஆமணக்கு விளைந்ததோ பெரும்பாலும் இந்திய மானாவாரி நிலங்களில். சென்னை மாகாணத்தில் சேலம் வட்டாரம் அதற்குப் பேர்போனது. 1917இல் போரில் இறங்கிய அமெரிக்கா, விமானங்களுக்கு எண்ணெய் போதாமல் போய்விடும் என்று அஞ்சி ஆசியாவிலிருந்து விதை தருவித்தது. தன் மண்ணில் ஒரு லட்சம் ஏக்கருக்கு மேல் ஆமணக்கு விதைக்கத் திட்டம் போட்டது. அதற்குள் அவர்களுடைய லிபர்ட்டி எஞ்சினுக்குக் கனிம எண்ணெயே போதும் என்று தெரிந்துவிட்டது. விளக்கெண்ணெய்க்கு வந்த வாழ்வு அத்தோடு சுருங்கியது.

ரோட்டரி எஞ்சினில் எண்ணெய் திரும்பி வராது. தொட்டியிலிருந்து போய், வேலை செய்து, புகையாகவும் திவலையாகவும் வெளியே போய்விடும். விமானியின் முகத்திலும் நுரையீரலிலும் ஒரு பங்கு போகும். அதன் பலன் வயிற்றில் தெரிந்ததாகப் போர்வீரர் கதைகள் பல. எண்ணெயின் வெப்பம் எவ்வளவு என்று அந்த எஞ்சினில் யாரும் பெரிதாகக் கவலைப்படத் தேவையிருக்கவில்லை. அடுத்து வந்த எஞ்சின்களில் ஒரே எண்ணெய் தொட்டிக்கும் எஞ்சினுக்கும் இடையே சுற்றிச் சுற்றி வந்தது. அப்போதுதான் அதன் சூடும் குளிரும் விமானியின் கணக்குக்குள் வந்தன. அளவுமானி ஒன்று அவன் முன்னால் முளைத்தது.

அந்த முள்ளை ஏன் கவனிக்க வேண்டும்? எஞ்சினின் தண்டு பேரிங்கின் மேல் நேராக உட்காருவதில்லை. மயிரிழையினும் மெல்லிய எண்ணெய்ப் படலம் ஒன்றின் மேல் மிதந்து சுழல்கிறது. எண்ணெய் தடித்துவிட்டால் பம்பு அதை இழுக்கத் திணறும். படலம் உருவாகும் முன்பே இரும்பும் இரும்பும் உரசும். இன்னொரு சிக்கலும் உண்டு. சிறு விமான எஞ்சினின் கூடு அலுமினியம், தண்டு எஃகு. குளிரில் அலுமினியம் எஃகைவிட அதிகமாகச் சுருங்கும். ஆகவே எண்ணெய் மிக அதிகமாகத் தடித்திருக்கும் நேரத்தில்தான் அது புக வேண்டிய இடைவெளியும் மிகக் குறுகியிருக்கிறது. சில விநாடி உரசல் பல நூறு மணி நேரத் தேய்மானத்தைச் செய்துவிடலாம் என்று மெக்கானிக்குகள் சொல்வது இதனால்தான். ஆக, குளிரால் வரும் கேடு பெரும்பாலும் பறக்கும்போது வருவதில்லை. முந்தின ராத்திரி விமானம் சும்மா நின்றபோதே அதற்கான விதை விழுந்துவிடுகிறது.

இதைச் சமாளிக்கும் வித்தையை முதலில் கைப்பழக்கமாகக் கற்றவர்கள் வட கனடாவிலும் அலாஸ்காவிலும் பறந்தவர்கள். 1924 பிப்ரவரி 21 அன்று கார்ல் பென் ஐல்சன் அலாஸ்காவின் ஃபேர்பேங்க்ஸிலிருந்து மெக்ராத்துக்குத் தபால் கொண்டுபோனார். நாய்ச் சறுக்குவண்டிகளுக்கு மூன்று வாரத்தை ஒட்டிய பயணம் அது. அவருக்கு மூன்று மணி நேரம்கூட ஆகவில்லை. அதே ஐல்சன் 1929 நவம்பரில் சைபீரியக் கரையோரம் பனிப்புயலில் மாண்டார்.

1926இல் வினிபெக் நகரத்தில் ஜேம்ஸ் ரிச்சர்ட்சன் தொடங்கிய வெஸ்டர்ன் கனடா ஏர்வேஸ்தான் இந்தப் பழக்கத்தைத் தொழிலாக மாற்றியது. மறு ஆண்டு வசந்தத்தின் தொடக்கத்தில் அரசு அதற்கு ஒரு வேலை கொடுத்தது. ஹட்சன் விரிகுடா ரயில்பாதையை எந்தத் துறைமுகத்தில் முடிப்பது என்று தீர்மானிக்கச் சர்ச்சில் என்ற ஊரின் தரையைத் துளையிட்டுப் பார்க்க வேண்டும். ஆட்களும் கருவிகளும் டைனமைட்டும் கோடை வரும்வரை போய்ச் சேர வழியில்லை. ஒற்றை எஞ்சின் ஃபோக்கர் விமானங்கள் பனிச்சறுக்குக் கால்களோடு 14 பேரையும் சுமார் 8 டன் சரக்கையும் கொண்டுபோய்ச் சேர்த்தன. புகழ் விமானிகளுக்குப் போனது. உண்மையில் அந்த விமானங்களைப் பறக்கவைத்தவர்கள் கூடவே போன மெக்கானிக்குகள்.

அவர்களுடைய நாள் விமானம் இறங்கியதும் தொடங்கியது. எஞ்சின் நின்றவுடன், சூடு ஆறுவதற்குள், அடைப்பானைத் திருகி எண்ணெய் முழுவதையும் தகரத்தில் வடித்துவிட வேண்டும். தாமதித்தால் வடியாது. சறுக்குக் கால்களுக்குக் கீழே மரக்கட்டையோ கிளைகளோ வைக்க வேண்டும். இல்லாவிட்டால் காலையில் அவை பனியோடு ஒட்டிக்கொண்டு பெயராது. எண்ணெய்த் தகரம் மனிதர்களோடு குடிலுக்குள் தூங்கும்.

விடிவதற்கு வெகுமுன்பே மெக்கானிக் எழுந்து எஞ்சினின் மேல் தரைவரை தொங்கும் கித்தான் கூடாரத்தைப் போர்த்துவார். அதற்குள் பம்பு அடித்து எரிக்கும் பெட்ரோல் அடுப்பு ஒன்றிரண்டை ஏற்றிவைத்துத் தானும் உள்ளே உட்கார்ந்துகொள்வார். ஒரு மணி நேரம், கடுங்குளிரானால் இரண்டு மணி நேரம் இந்தக் காவல். மேலே பெட்ரோல் கசியும் எஞ்சின், கீழே திறந்த நெருப்பு, நடுவில் எண்ணெய் ஊறிய கித்தான். கையில் தீயணைப்பான் இல்லாமல் யாரும் அதற்குள் போகமாட்டார்கள். அப்படியும் கூடாரத்தோடு எரிந்துபோன விமானங்கள் உண்டு. இதற்கிடையே குடிலுக்குள் இன்னொருவர் எண்ணெய்த் தகரத்தை அடுப்பில் ஏற்றிக் காய்ச்சிக்கொண்டிருப்பார். எஞ்சினைத் தொட்டுப் பார்த்துச் சூடு போதும் என்றதும் அடுப்பு அணையும், கூடாரம் பறக்கும், கொதிக்கக் கொதிக்க எண்ணெய் உள்ளே போகும். அந்த நிமிடமே எஞ்சின் கிளம்ப வேண்டும். கிளம்பாமல் அடம்பிடித்தால் எண்ணெயை மறுபடி வடித்து, மறுபடி அடுப்பு.

இந்த முறையை ஏதோ பழங்கால விநோதம் என்று தள்ளிவிட முடியாது, உயிர் காக்கும் பயணங்களும் இந்தக் குளிரில்தான் நடந்தன. 1929 ஜனவரி 2 அன்று வாப் மே, விக் ஹார்னர் என்ற இருவர் எட்மன்டனிலிருந்து ஒரு அவ்ரோ ஏவியனில் கிளம்பினார்கள். மேல்மூடி இல்லாத, இரண்டு பேர் மட்டும் உட்காரக்கூடிய சின்னஞ்சிறு விமானம். வடக்கே ஃபோர்ட் வெர்மிலியன் பக்கம் தொண்டை அடைப்பான் நோய் பரவியிருந்தது. அவ்வூர் டாக்டர் ஹாமன் மருந்து கேட்டு எழுதியனுப்பிய வேண்டுகோள் தந்தி நிலையத்தை அடையவே பல நாள் ஆகியிருந்தது. மருந்து உறைந்துபோகாமலிருக்க விமானத்துக்குள் கரியடுப்பு வைத்துப் போர்வை சுற்றியிருந்தார்கள். நடுவானில் போர்வையில் தீப்பிடித்ததை அணைத்துக்கொண்டே பறந்தார்கள். வழியில் ஒரு ராத்திரி தங்கி, 3ஆம் தேதி மருந்தைக் கொடுத்து, 6ஆம் தேதி எட்மன்டனுக்குத் திரும்பியபோது பெருங்கூட்டம் காத்திருந்தது. இதே வாப் மே 1918 ஏப்ரலில் ஜெர்மானியச் சண்டை விமானி ரிக்ட்ஹோஃபென் தன் கடைசி நாளில் துரத்திய இளைஞன். துப்பாக்கிக்குத் தப்பியவருக்குக் குளிரோடு போராடும் வேலை வாய்த்தது.

ஒரு விமானத்துக்கு ஒரு அடுப்பு சரி. நூறு விமானம் நிற்கும் போர்முனையில் என்ன செய்வது? இரண்டாம் உலகப்போர் காலத்தில் பரவலான விடை, கேட்பவரைத் திடுக்கிடவைக்கும்: எண்ணெயில் பெட்ரோலைக் கலந்துவிடுவது. எஞ்சினை நிறுத்துவதற்குச் சில நிமிடம் முன்பு ஒரு சுவிட்சைப் பிடித்தால் கொஞ்சம் பெட்ரோல் எண்ணெயோடு சேரும். ராத்திரி குளிர்ந்தாலும் அந்தக் கலவை தடிக்காது, காலையில் எஞ்சின் எளிதாகச் சுழலும். ஓடிச் சூடேறியதும் பெட்ரோல் ஆவியாகி வெளியேறிவிடும். பழைய எண்ணெய் மிஞ்சும். சோவியத் விமானப்படைக்கு இந்தக் கலை கைவந்திருந்தது. 1941 குளிர்காலத்தில் ரஷ்யாவுக்குள் விறைத்து நின்ற ஜெர்மானியர் பட்டுத் தெளிந்தார்கள். அமெரிக்க டகோட்டா விமானத்தில் இதற்கென்றே தனிச் சுவிட்ச் வைத்திருந்தார்கள். வினை ஒன்று உண்டு: பெட்ரோல் பட்ட இடத்தில் பழைய கசடு கழன்று வந்து வடிகட்டியை அடைக்கும். அளவு மீறினால் எண்ணெயின் வழவழப்பே போய்விடும்.

டகோட்டா என்றதும் இந்தியர்களுக்கு நினைவுக்கு வர வேண்டிய நாள் 1948 மே 24. அன்று, காஷ்மீர்ப் போரின் நடுவே, ஏர் கமடோர் மெஹர் சிங், பக்கத்தில் மேஜர் ஜெனரல் திம்மையா உட்கார்ந்திருக்க, ஸ்ரீநகரிலிருந்து இமயத்தின் கணவாய்களைத் தாண்டி லேயில் ஒரு டகோட்டாவை இறக்கினார். அந்த ஓடுபாதை, சோனம் நோர்பு என்ற லடாக்கியப் பொறியாளர் ஊர்மக்களைக் கூட்டி மணலைச் சமப்படுத்தி உருவாக்கியது. கடல் மட்டத்துக்கு மேல் 10,000 அடிக்கும் அதிகம். ஆட்களும் சாமானும் இறங்கும்வரை எஞ்சின்களை அணைக்கவில்லை. அணைத்தால் மறுபடி கிளம்புமோ கிளம்பாதோ என்ற பயம். மே மாதப் பகலில் லேயின் குளிர் மட்டுமே இதற்குக் காரணமாக இருந்திருக்க முடியாது. மெல்லிய காற்று, உதவிக்கு ஒரு கருவியும் இல்லாத வெளி, நெருங்கிவந்த எதிரி என்று எல்லாம் சேர்ந்த பயம் அது. ஆனால் எஞ்சினை ஆறவே விடாதே என்ற அந்தப் பாடம் லடாக்கில் நிலைத்துவிட்டது.

1984க்குப் பிறகு சியாச்சினில் அது அன்றாட வழக்கமானது. சீட்டா என்ற சிறிய ஹெலிகாப்டர் பனிமுகட்டில் செதுக்கிய மேடையைத் தொட்டும் தொடாமலும் நிற்கும். மண்ணெண்ணெய்த் தகரமோ, காயம்பட்ட வீரரோ, ஏற்றி இறக்கியதும் கிளம்பிவிடும். எஞ்சினை அணைப்பதில்லை. டர்பைன் எஞ்சின் என்பதால் அதன் எண்ணெய் செயற்கை எண்ணெய், கடுங்குளிரிலும் நீராக ஓடும். பெட்ரோல் எஞ்சின் விமானங்களுக்கு அந்தப் பாக்கியம் எளிதில் கிட்டவில்லை. முழுச் செயற்கை எண்ணெய் ஒன்றை மொபில் நிறுவனம் 1980களில் அவற்றுக்காகக் கொண்டுவந்தது. குளிரில் அது அருமையாக வேலை செய்தது. ஆனால் விமானப் பெட்ரோலில் இருந்த ஈயத்தின் கசடைச் சுமந்துபோக அதனால் முடியவில்லை. எஞ்சின்களுக்குள் சேறு படிந்து, வழக்குகள் எழுந்து, 1990களில் சந்தையிலிருந்து மறைந்தது. கனிம எண்ணெயும் செயற்கை எண்ணெயும் கலந்த 15W-50 போன்ற பலதர எண்ணெய்களோடு சிறு விமானக்காரர்கள் சமாதானமானார்கள்.

அடுப்பின் இடத்தை மின்சாரம் பிடித்தது. 1970களிலிருந்து எஞ்சினிலேயே ஒட்டிவைக்கும் மின் சூடேற்றிகள் வந்தன. முந்தின ராத்திரி செருகிவிட்டுப் போர்வை போர்த்தினால் போதும். லைக்காமிங் நிறுவனம் தன் பெரும்பாலான எஞ்சின்களுக்கு வைக்கும் எல்லை சுமார் மைனஸ் 12 டிகிரி: அதற்குக் கீழே போனால் சூடாக்காமல் கிளப்பாதே என்பது அறிவுரை. எண்ணெய்த் தொட்டியை மட்டும் சூடாக்கினால் போதாது என்பதையும் வலியுறுத்துகிறார்கள். தொட்டியில் எண்ணெய் இளகியிருக்கும், முள்ளும் நல்ல எண்ணைக் காட்டும், ஆனால் தண்டும் பேரிங்கும் ஐஸாகவே இருக்கும். கித்தான் கூடாரத்துக்குள் உட்கார்ந்திருந்த கனடாக்காரருக்கு இந்த ஏமாற்று நேர்ந்திருக்காது. அவர் எஞ்சினையே கையால் தொட்டுப் பார்த்தவர்.

கிளம்பியாகிவிட்டது, பறந்தாகிவிட்டது. அப்புறமும் குளிர் விடுவதில்லை. இந்த இரண்டாம் பாகம் பலருக்குத் தெரியாது. எரிபொருள் எரியும்போது உண்டாகும் நீராவியில் கொஞ்சம் எஞ்சினுக்குள் கசிந்து எண்ணெயோடு சேர்கிறது. எண்ணெய் 82 டிகிரியை ஒட்டி ஓடினால் அந்த நீர் ஆவியாகிச் சுவாசக் குழாய் வழியே போய்விடும். முள் காட்டுவதைவிட எஞ்சினின் உட்புறத்தில் எண்ணெய் இன்னும் சூடாக இருக்கும் என்பதால் 82 போதுமானது. குளிர் நாளில் முள் 60ஐத் தாண்டாமலே விமானம் போய்த் திரும்பினால் நீர் உள்ளேயே தங்கி, அமிலமாகி, கேம் தண்டில் துரு ஏறும். அதனால்தான் குளிர்காலத்தில் நிறுத்தி வைத்திருக்கும் விமானத்தை வாரத்துக்கு ஒருமுறை தரையிலேயே ஐந்து நிமிடம் ஓட்டி வைப்பது நன்மையைவிடத் தீமையே செய்யும். எண்ணெய் சூடேறாது, ஈரம் மட்டும் சேரும்.

வெளியேறும் நீராவியாலும் ஒரு வம்பு. சுவாசக் குழாயின் வாய் வெளிக்காற்றில் இருப்பதால் ஆவி அங்கேயே உறைந்து அடைத்துக்கொள்ளும். உள்ளே அழுத்தம் ஏறி, காற்றாடிக்குப் பின்னாலுள்ள சீல் வளையத்தைப் பிதுக்கித் தள்ளும். எண்ணெய் மொத்தமும் கண்ணாடி மேல் வந்து அடிக்கும். இதற்குக் கண்டுபிடித்த மருந்து மிக எளியது: குழாயில், எஞ்சின் சூடு படும் இடத்தில், பக்கவாட்டில் ஒரு சிறு வெட்டு. வாய் அடைத்தால் ஆவி அந்த வழியே போய்விடும்.

தமிழ்நாட்டில் பறந்தவர்களுக்கு இதெல்லாம் வெறும் கேள்விப்பாடு. 1932 அக்டோபரில் ஜே.ஆர்.டி. டாடா கராச்சியிலிருந்து பம்பாய்க்கும், அங்கிருந்து நெவில் வின்சென்ட் பெல்லாரி வழியாகச் சென்னைக்கும் புஸ் மாத் விமானத்தில் தபால் கொண்டுவந்தபோது கவலையெல்லாம் எண்ணெய் கொதித்துவிடக் கூடாதே என்பதுதான். சமவெளிக்கு அந்தக் கவலையே இன்றும் போதும்.

ஆனால் கம்பம் பள்ளத்தாக்கின் மேற்கு மலைக்கு அப்பால், வண்டிப்பெரியாறுக்கு மேலே, விமானம் இறங்கிய ஓர் இடம் இருக்கிறது. சத்திரம். புல்மேடு வழியாகச் சபரிமலைக்கு நடக்கும் தேனி மாவட்ட ஐயப்ப பக்தர்களுக்கு அந்தப் பெயரை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. அங்கே தேசிய மாணவர் படைக்காக 650 மீட்டர் ஓடுபாதை ஒன்றைக் கேரள அரசு அமைத்தது. முதல் முயற்சிகளில் விமானம் இறங்க முடியவில்லை. ஓடுபாதைக்கு எதிரே நின்ற மண்மேடு தடுத்தது. 2022 மழையில் ஓரத்தில் ஒரு பகுதி சரிந்தது. கடைசியில் 2022 டிசம்பர் 1 அன்று, கார்த்திகை மாதத்தில், வைரஸ் எஸ்.டபிள்யூ. 80 என்ற இரண்டு இருக்கை விமானம் அங்கே இறங்கியது. ஸ்லொவேனியாவின் பிபிஸ்ட்ரெல் தயாரிப்பு. இந்தியா 2015இல் 194 விமானங்களுக்கு ஆர்டர் கொடுத்திருந்தது.

அதன் மூக்கில் இருப்பது ஆஸ்திரியாவின் ரோட்டாக்ஸ் 912. எண்ணெய் இதில் தனித் தொட்டியில் இருக்கும். அளவு பார்க்கும் முன் காற்றாடியைக் கையால் பலமுறை சுற்றி, தொட்டிக்குள் காற்றுக் குமிழி கடகடக்கும் சத்தம் கேட்கும்வரை காத்திருக்க வேண்டும். கிளப்பியதும் இரண்டு நிமிடம் மெதுவாக, பிறகு கொஞ்சம் வேகமாக ஓடவிட்டு, எண்ணெய் 50 டிகிரியைத் தொட்ட பிறகே முழு வேகம் கொடுக்கலாம். நாளில் ஒருமுறையாவது 100 டிகிரியைத் தொட்டால்தான் உள்ளே சேர்ந்த நீர் வெளியேறும். சத்திரத்தின் மார்கழிக் காலையில் சூடேற்றும் கருவி எதுவும் வேண்டாம். மைனஸ் 25 டிகிரிவரை கிளம்பக்கூடிய எஞ்சின் அது. ஆனாலும் மூடுபனிக்குள் நின்று 50க்காகக் காத்திருக்கும் நேரம் கொச்சியைவிட அங்கே கூடும். 650 மீட்டரில் அரைகுறைச் சூட்டோடு ஓடிப் பார்க்க யாருக்கும் துணிச்சல் வராது, வரவும் கூடாது.

இதே விமானத்தை ஐரோப்பாவில் வைத்திருப்பவர்களுக்குக் குளிர்காலம் வந்தால் ஒரு சிறு வேலை உண்டு. எண்ணெயைக் குளிர்விக்கும் ரேடியேட்டரின் முகத்தில் பாதியை டேப் ஒட்டி மறைப்பார்கள், காற்று குறைவாகப் பட்டு எண்ணெய் சூட்டைக் காத்துக்கொள்ளட்டும் என்று. செஸ்னா விமானக்காரர்களுக்கு அதற்கே தனித் தகடு கிடைக்கிறது. எந்த வெப்பத்துக்கு மேல் அதைக் கழற்ற வேண்டும் என்று அறிவிப்பு ஒட்டியிருக்கும். ஏப்ரல் மாத வெயிலில் அந்த ஐரோப்பாக்காரர்களில் சிலர் எண்ணெய் முள் சிவப்புக் கோட்டை நோக்கி ஏறுவதைக் கண்டு, பம்பில் கோளாறா, எண்ணெயில் கோளாறா என்று மெக்கானிக்கைக் கூட்டிவருவார்கள். மெக்கானிக் எஞ்சின் மூடியைத் திறந்து, டிசம்பரில் ஒட்டிய டேப்பை உரித்து எடுப்பார்.